கூடவரி

நவம்பர் 9, ஞாயிறு

மொட்டைமாடி மழைமானியில் இன்றும் ஒன்றுமில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானொலி சொல்லி மூன்று வாரம் ஆகிறது. எங்கே தொடங்கியது என்று சொல்லவில்லை.

கள்ளிவிளைத் தேரியில் இந்நேரம் குடவரிச் செடி முளைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பாலைவனம் கிடையாது என்று பாடப்புத்தகத்தை வைத்து நானே கற்பித்திருக்கிறேன். பங்குனி வெயிலில் அந்தச் செம்மணல் மேட்டில் கால் வைத்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்த மேட்டைத் தவிர உலகில் வேறெங்கும் குடவரி இல்லை என்று 1987இல் கட்டுரை எழுதினேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை. சரியாக எழுதியதால் மறுக்கவில்லையா, யாரும் வாசிக்காததாலா என்பது தெரியாது.

பிற்பகல் புத்தக அலமாரியில் கரப்பான் மருந்து வைத்தேன். மூட்டுக்குத் தைலம்.

நவம்பர் 12, புதன்

அரசின் தாவரப் பாதுகாப்புக் குழுவிடமிருந்து கடிதம். அருகிவரும் தாவரங்களின் நிலையை மறுபரிசீலனை செய்கிறார்களாம். குடவரியின் முறை ஜனவரி 9ஆம் தேதி, தூத்துக்குடியில். முப்பத்தெட்டு ஆண்டு எண்ணிக்கை என்னிடம் மட்டுமே இருப்பதால் நான் நேரில் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது அதன் நிலை ‘அழிவின் விளிம்பில்’. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருப்பதால் அந்த நிலை. அது இருக்கும்வரை அந்த அறுபது ஏக்கரைத் தொட முடியாது. ஒரு படி இறங்கினால், மேட்டைச் சமப்படுத்திச் சூரியத் தகடு பதிக்கக் காத்திருக்கும் நிறுவனத்துக்கு வழி திறந்துவிடும். அளவுக்கல் ஏற்கெனவே நட்டுவிட்டார்கள். சென்ற மாதம் போனபோது பார்த்தேன். வெள்ளைக் கற்கள், தலையில் சிவப்புச் சாயம். எண்ணினேன்: இருபத்திரண்டு.

கூட்டத்தில் பேச வேண்டியிருக்குமோ? வகுப்பில் முப்பத்துமூன்று ஆண்டு பேசியவன்தான். ஆனால் மாணவர்கள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

நவம்பர் 15, சனி

டாக்டர் ஜெபக்கனி தொலைபேசியில் அழைத்தார். உடன்குடிப் பக்கத்துப் பெண்மணி. பதினொரு ஆண்டாகத் தாவரவியலில் தற்காலிக விரிவுரையாளர். குரலில் மூச்சு வாங்கியது.

“சார், ரெண்டாவது எடம் கெடச்சிட்டு! குடவரி சார்! போன தையில பாத்தது. சொல்லாமலே வச்சிருந்தேன், ஒவ்வொரு செடியா அளந்து முடிச்சிட்டுச் சொல்லுவோம்னு. முப்பத்தெட்டுச் செடி சார்!”

வாழ்த்துச் சொன்னேன். இடம் எது என்று கேட்டேன்.

“கள்ளிவிளைலருந்து ஒம்போது கிலோமீட்டர் தெக்கே. மணல்காத்த சாஸ்தா கோயில் இருக்குல்லா, அதுக்குப் பொறத்தால. ஒரு பெரிய உடைமரம் நிக்கும், அதச் சுத்தி. நீங்க வந்து பாக்கணும் சார்.”

மூட்டுவலி அதிகம், வருவது கடினம் என்றேன். அந்தப் பகுதி எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்றும் சொன்னேன் போலிருக்கிறது.

மழைமானி: பூஜ்யம்.

நவம்பர் 16, ஞாயிறு

காலைச் சாப்பாட்டின்போது பிரமுவிடம் பொதுவாகச் சொன்னேன், சாஸ்தா கோயில் பக்கம் செடி கிடைத்திருக்கிறது என்று.

“எந்தச் சாத்தா?”

“மணல்காத்த சாஸ்தா.”

“நம்ம சாத்தா கோயிலா? நம்ம குலசாமியவா யாரோ எவரோங்குத மாதிரி சொல்லுதிய?” தோசையைத் திருப்பிப் போட்டாள். “பொறத்தால உடைமரம்னா நம்ம மரம்லா. கல்யாணமான வருசத்துலருந்து பங்குனி உத்திரத்துக்கு அதுக்கடியிலதான சமுக்காளம் விரிச்சோம்.”

அது பெரிய கோயில் வளாகம், உடை முள்மரங்கள் பல இருக்கும் என்றேன்.

“ஆமா, பல இருக்கும்” என்றாள். அவள் அப்படி உடனே ஒத்துக்கொண்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

மின்கட்டண அட்டையைத் தேடி எடுத்தேன்.

நவம்பர் 20, வியாழன்

ஜெபக்கனி வீட்டுக்கு வந்தார். பனங்கற்கண்டும் ஒரு கோப்பும் கொண்டுவந்தார். படங்களைக் காட்டினார். வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் கத்தரிப்பூ நிறப் புள்ளி. சந்தேகமேயில்லை, குடவரிதான். காயின் படமும் இருந்தது: மிளகளவு குடம், மேலே ஐந்து வரிகள், வாயில் இரண்டு கொக்கிகள். குடம் போன்ற காயில் வரிகள் இருப்பதால் குடவரி. அந்தப் பெயர்க்காரணத்தையும் என் கட்டுரையில் நானே எழுதியிருந்தேன்.

“இனிமே இது அழிஞ்சிரும்னு பயப்பட வேண்டாம்லா சார்? இன்னொரு எடத்துல இருக்கே!” அவருக்கு உண்மையான சந்தோஷம். இரண்டாவது இடம் என்றால் நிலை ஒரு படி இறங்கும், அப்போது முதல் இடம் என்னாகும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பிரமு காப்பி கொண்டுவந்தாள், பேச்சு அதன் பக்கம் போய்விட்டது.

சான்றுக் கடிதம் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். மூத்த வல்லுநர் என்று என் பெயர். ‘இச்செடிகள் இவ்விடத்தில் இயல்பாக வளர்ந்தவை’ என்பது மூன்றாவது வரி. மனிதர் கொண்டுவந்த செடி என்றால் அது இன்னோர் இடமாகக் கணக்கில் வராது.

“ஒங்க கையெழுத்து இருந்தா போதும் சார், வேற யாரும் வாயே தொறக்க மாட்டாங்க. எனக்கும் இந்தத் தடவயாவது...” என்று நிறுத்திக்கொண்டார்.

வாசித்தேன். கையெழுத்திட்டேன். புதுப் பேனா, நன்றாக எழுதுகிறது.

நவம்பர் 21, வெள்ளி

ஒன்றும் விசேஷமில்லை.

நவம்பர் 27, வியாழன்

மழை. 41 மில்லிமீட்டர். பிரமு வடாகத்தை உள்ளே எடுக்கச் சொல்லிக் கத்தினாள். நான் மழைமானியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். வடாகம் நனைந்துவிட்டது.

டிசம்பர் 14, ஞாயிறு

இரண்டு பேருந்து மாறிக் கள்ளிவிளை. வழக்கம்போல மேட்டைப் பத்தடிக் கட்டங்களாகக் கயிறு கட்டிப் பிரித்து எண்ணினேன். மூன்று முறை. 46, 46, 47. மூன்றாம் முறை ஒன்றை இருமுறை எண்ணியிருக்க வேண்டும். 46 என்று கொள்கிறேன். 1987இல் 412.

மணி பதினொன்று ஆவதற்குள் பூக்கள் மூடிக்கொண்டன. பனைநிழலில் உட்கார்ந்தேன். முத்துக்கனி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். இருபது வருடப் பழக்கம், ஆனாலும் என்னை அவள் நம்புவதில்லை. ஒரு கிழவன் மணலில் குனிந்து குனிந்து போவதற்குச் செடி ஒரு காரணமாக இருக்க முடியாது என்று நினைப்பவள்.

“என்ன சார்வாள், இன்னும் தொலஞ்சது கெடைக்கலியா?”

“எண்ணுகிறேன் அம்மா, குடவரியை.”

“எதை?”

காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் ஓர் ஆடு திரும்பிப் பார்த்தது.

“குடவரியா? யாரு சொன்னா ஒங்களுக்கு? அது கூடவரில்லா! கூ...டவரி! ஆட்டு மசுருல ஒட்டிக்கிட்டுக் கூட வரும். சேலத் தலப்புல ஒட்டிக்கிட்டுக் கூட வரும். போ போன்னாலும் போவாது, வீடுமட்டும் வரும். எங்க ஆத்தா, வந்தா போவாத நாத்தனாளத் திட்டுததுக்கு இதத்தான் சொல்லுவா.”

1986இல் எனக்கு இந்தப் பெயரைச் சொன்னவர் ஒரு பனையேறி. மரத்தின் உச்சியிலிருந்து சொன்னார். நான் கீழே நின்று எழுதிக்கொண்டேன். திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்தது. காயைப் பார்த்தேன், குடம் இருந்தது, வரி இருந்தது, பொருந்திவிட்டது. மூன்று நூல்களில் என் விளக்கம் மேற்கோளாக வந்திருக்கிறது.

முத்துக்கனியிடம் நன்றி சொன்னேன். “இதுக்கெல்லாமா நன்றி” என்றாள்.

திரும்பும்முன் பேன்ட், காலணி, பை மூன்றையும் உதறினேன். என் களக் கையேட்டின் முதல் விதி: ‘களத்தை விட்டு நீங்கும்முன் உதறுக.’ மாணவர்களை வரிசையாக நிற்கவைத்து உதறச்சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 15, திங்கள்

பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். ஒவ்வோர் ஆண்டும் பங்குனி உத்திரத்தன்று காலை கள்ளிவிளையில் காய் எண்ணிக்கை. பிரமுவும் சொந்தக்காரர்களும் பாத்திரபண்டங்களோடு வேனில் நேராகக் கோயிலுக்குப் போவார்கள். நான் முதல் பேருந்தில் போய் எண்ணிவிட்டு, பதினொரு மணிக்குக் கோயிலில் சேர்ந்துகொள்வேன். 1988 முதல் 2019 வரை; பிறகு ஊரடங்கு வந்து அந்த வழக்கம் நின்றுபோனது. முப்பத்திரண்டு முறை. அந்த நாள் மட்டும் வேட்டி, கோயிலுக்குப் போவதால்.

விதி எழுதியது பேன்ட்டுக்கு.

டிசம்பர் 16, செவ்வாய்

பிரமுவிடம் நேராகவே கேட்டேன். நான் கேட்கும்வரை காத்திருக்கும் பொறுமை அவளுக்கு இருந்திருக்கிறது.

“பொங்கப்பானைப் பக்கம் ஒட்டுன முள்ளோட வராதியன்னு நான்தான் மரத்தடியில உக்கார வப்பேன். வேட்டிய முழங்காலு மேல விரிச்சு ஒண்ணொண்ணா பிச்சுப் போடுவிய. சில வருசம் நானும் பிச்சுவிட்டிருக்கேன். எங்க அண்ணன் கேலி பண்ணுவான்லா, ‘மச்சான் பேன் பாக்காரு’ன்னு.”

“எந்தப் பக்கம் உட்காருவோம்?”

“நெழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். இதுல என்ன ஆராய்ச்சி?”

ஜெபக்கனி விட்டுச்சென்ற கோப்பிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தேன். முப்பத்தெட்டுச் செடிகளில் முப்பத்தொன்று மரத்துக்கு மேற்கே, பன்னிரண்டு அடிக்குள். பதினொரு மணிக்கு நிழல் மேற்கே விழும். ஏழு செடி கிழக்கே. சாப்பிட்டபின் சமுக்காளத்தைக் கிழக்கே இழுத்துப்போட்டு அங்கே படுப்போம். வடக்கிலும் தெற்கிலும் ஒன்றுமில்லை.

தற்செயலாகவும் இருக்கலாம். இல்லை. எழுதியபின் அடிக்க வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

டிசம்பர் 18, வியாழன்

குழுவுக்குக் கடிதம். நான்கு முறை எழுதினேன். முதல் வரைவில் ‘வாய்ப்பு உண்டு’ என்றிருந்தது. இரண்டாவதில் ‘மறுப்பதற்கில்லை’. மூன்றாவதில் என்னைப் பற்றிய பேச்சே இல்லை, ஆடுகள் பரப்பியிருக்கலாம் என்றிருந்தது. ஆடுகள் உத்திரத்தன்று நிழல் பார்த்து உட்காருவதில்லை. நான்காவது நன்றாக வந்தது. அனுப்பவில்லை.

அனுப்பினால் ஜெபக்கனியின் கண்டுபிடிப்பு போய்விடும். அனுப்பாவிட்டால் மேடு போய்விடும். இரண்டுக்கும் நடுவில் என் பெயரும் இருக்கிறது என்பதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு பொய்யாகும்.

டிசம்பர் 21, ஞாயிறு

ரத்த அழுத்தம் 150/90. உப்பைக் குறைக்க வேண்டும்.

டிசம்பர் 29, திங்கள்

உடன்குடிக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் போகாமல் இருந்துவிடுவேன். ஜெபக்கனி வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் தொங்கியது. “வாங்க சார், வாங்க” என்று கேக் எடுத்துவந்தார். கேக்கை வைத்துக்கொண்டே சொன்னேன். வேட்டி, மரம், நிழல், முத்துக்கனி சொன்ன பெயர், எல்லாம்.

அவர் என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

“கையெழுத்துப் போடும்போது தெரியாதா சார்?”

“சந்தேகம் இருந்தது” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தெரியும்” என்றேன்.

“பின்ன ஏன் சார் போட்டிய? ‘இது எங்க கோயில்மரம், நில்லுமா’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அங்கனயே நின்னுருப்பேன்லா. இப்ப கட்டுரய அனுப்பியாச்சு. எங்க பிரின்சிபால் மேடையில மால போட்டாச்சு. எம் மவ ஸ்கூல்ல எல்லாருட்டயும் சொல்லிட்டா.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நீங்க பயந்தாங்கொள்ளின்னு எல்லாரும் சொல்லுவாங்க சார். நான்தான் ‘இல்ல, அவுங்க நிதானம்’னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்.”

நிலை இறங்கினால் கள்ளிவிளை என்னாகும் என்று இப்போதுதான் சொன்னேன். அறுபது ஏக்கர், இருபத்திரண்டு கல். அதை அவர் யோசித்திருக்கவில்லை. முகம் மாறியது. வாசல்வரை வந்தார். வழக்கமாகப் பேருந்து நிறுத்தம்வரை வருவார்.

ஜனவரி 3, சனி

அவரிடமிருந்து அழைப்பில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

அழைப்பில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். காலர் தேய்ந்திருக்கிறது, திருப்பித் தைக்கலாம்.

ஜனவரி 9, வெள்ளி

நீள மேசை. குழுவினர் ஏழு பேர், நிறுவனத்தின் சார்பில் ஒருவர், நான், மேசையின் கடைசியில் ஜெபக்கனி. வணக்கம் சொன்னேன். தலையசைத்தார்.

குடவரி நான்காவது. தலைவர் கோப்பைப் புரட்டினார். “ரெண்டாவது எடம் உறுதியாயிருக்கு. கோமதிநாயகம் சாரே கையெழுத்துப் போட்டிருக்காங்க. ‘அருகி வருவது’ன்னு ஒரு படி எறக்கிரலாம். அடுத்ததுக்குப் போவோமா?”

நான் கை தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல, விரலோடு. யாரோ சிரித்தார்கள். என்னிடம் நான்காம் வரைவு இருந்தது, ஆனால் அதைப் பையிலிருந்து எடுப்பதற்குள் தலைவர் அடுத்த கோப்பை எடுத்துவிடுவார்போல் இருந்தது. அதனால் வாயால் சொன்னேன். முதல் வாக்கியம் மட்டும் நினைவிருக்கிறது: “ஐயா, அந்தச் செடிகளை அங்கே கொண்டுபோனது நான்.”

நிறுவனத்துக்காரர் மரியாதையானவர். “வேட்டில ஒட்டிட்டுப் போச்சுங்கறதுக்கு என்ன சார் ஆதாரம்? காத்துலயும் போயிருக்கலாமே?”

“காற்று மரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் வீசும். செடி இரண்டு பக்கம்தான் இருக்கிறது. காலை நிழலில் முப்பத்தொன்று, மாலை நிழலில் ஏழு.”

“இது விஞ்ஞானமா சார், பிக்னிக்கா?” இப்போது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், பழக்கதோஷம். அப்படியே உட்கார்ந்தும்விட்டேன். இனி எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“அந்தத் தூரத்த எல்லாம் அளந்தது நான்” என்றார் ஜெபக்கனி. “அளக்கும்போது இந்த விசயம் எனக்குத் தெரியாது. அதனால சாருக்குத் தோதா அளந்தேன்னு யாரும் சொல்ல முடியாது. போன வாரம் திரும்பப் போனேன். கோயில சுத்தி இன்னும் பதினாலு உடைமரம் நிக்கி. அதே மண்ணு, அதே காத்து. ஒண்ணுக்கடியிலயும் ஒரு செடி இல்ல. கோயில் பூசாரிட்டயும் கேட்டேன். அந்த மரம் யாரு மரம்னு எழுதி வாங்கிட்டு வந்திருக்கேன்.” ஒரு தாளை மேசைமேல் வைத்தார். “என் கட்டுரயத் திரும்ப வாங்கிட்டேன். குடவரிக்கு ஒரே எடம்தான். அது கள்ளிவிளை.”

பிறகு என் பக்கம் பார்க்காமலே, “பேரையும் திருத்திக்கோங்க. கூடவரி” என்றார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிலையில் மாற்றமில்லை என்று எழுதச் சொன்னார். என் சான்றை நான் திரும்பப் பெற்றதாகவும் பதிவாகும் என்றார். பதிவாகட்டும்.

படியிறங்கும்போது அவர் முன்னால் வேகமாகப் போய்விட்டார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

தபாலில் ஒரு தட்டையான பார்சல். உடைமரத்தடிச் செடி ஒன்று, தாளில் ஒட்டிப் பதப்படுத்தியது. ஜெபக்கனி செடி ஒட்டும் சுத்தம் எனக்கு வராது. கீழே அடையாளச் சீட்டு, அவர் கையெழுத்தில். பெயர்: கூடவரி. இடம்: மணல்காத்த சாஸ்தா கோயில். சேகரித்தவர்: ஜெ. ஜெபக்கனி. இங்கே வந்த விதம்: மனிதரால். அடுத்த வரி காலி. அதன் ஓரத்தில் பென்சிலில் மெல்லிதாக: ‘நீங்களே நிரப்புங்கள் சார்.’

‘அ. கோமதிநாயகம், வேட்டியில், 1988 முதல் 2019 வரை’ என்று எழுதினேன். பிரமு எட்டிப் பார்த்தாள்.

“எம்பேர் எங்க? பாதி நான் பிச்சுப் போட்டதுல்லா.”

‘மற்றும் கோ. பிரம்மநாயகி’ என்று சேர்த்தேன். இடம் போதவில்லை, கடைசி எழுத்துகள் சிறுத்துவிட்டன.

ஏப்ரல் 1, புதன், பங்குனி உத்திரம்

ஏழு ஆண்டுக்குப்பின் கோயில். முப்பத்திரண்டு ஆண்டு முதலில் தேரி, பிறகு கோயில். இன்று முதலில் கோயில். போகும்முன், அந்தச் செடிகளின் காய்களை எடுக்க ஜெபக்கனியிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “எண்ணி எழுதி வச்சுக்கோங்க சார்” என்றார். பிறகு, “வேட்டி கட்டிட்டுத்தான போறிய?” என்றும் கேட்டார். சிரித்ததுபோல் இருந்தது. தொடர்பு சரியில்லை, உறுதியாகச் சொல்ல முடியாது.

பொங்கல் ஆனபின் காய்ந்த செடிகளுக்கு நடுவே மேற்கு நிழலில் உட்கார்ந்தேன். எழுந்தபோது வேட்டியில் நிறைய ஒட்டியிருந்தது. பிரமு வழக்கம்போலப் பிய்க்கக் கையை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டாள்.

“இருக்கட்டும். கூட்டிட்டு வந்தவுகதான கொண்டுபோயி விடணும்.”

வேனில் ஒன்பது கிலோமீட்டரும் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மச்சினன் கேலி செய்ய இப்போது இல்லை.

கள்ளிவிளையில் அளவுக்கற்கள் இன்னும் நிற்கின்றன. யாரும் பிடுங்கவில்லை. சிவப்புச் சாயம் மட்டும் வெளுத்திருக்கிறது. மேற்குச் சரிவில், இந்த ஆண்டு ஒன்றுகூட முளைக்காத கட்டத்தில் நின்று, ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். பிரமு தன் சேலைத் தலைப்பிலிருந்து நான்கு எடுத்தாள்.

மொத்தம் அறுபத்து மூன்று. மூன்று முறை எண்ணினேன்.

பிறகு வேட்டியை உதறினேன்.